தெருவைச் சுற்றிப்போன படகு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திண்டிவனம் பேருந்து நிலையத்தில், விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது. மழை பெய்துகொண்டிருந்தது. பஸ் வரவில்லை. கைப்பேசியில் எதையெதையோ தள்ளிக்கொண்டே போனவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். எங்கோ ஒரு குளிர்நாட்டில் சிலர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களை ஏற்றிப்போன சின்னச் சின்னப் படகுகளில் எவையெல்லாம் மிஞ்சியிருக்கின்றன என்று தேடி அலைகிறார்கள். ஒரு படகு கோழிக்கூண்டாகியிருந்தது. இன்னொன்றில் யாரோ மண்ணைக் கொட்டித் தக்காளி போட்டிருந்தார்கள். அந்தத் தக்காளிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் அழுகிற படமும் இருந்தது.

எனக்கு வந்தது பொறாமைதான். ஒரு பழைய தகட்டுக்காக அழ நேரமும் மனசும் வாய்த்தவர்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள்.

பஸ் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் மடித்து வைத்திருந்த செய்தித்தாளில் மாவட்டப் பக்கம் மேலே இருந்தது. அதில் ஒரு படம். இடுப்பளவு தண்ணீரில் நாலு பேர் ஒரு பாடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயலுக்குள் நடக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் நல்ல தார்ச்சாலை ஒன்று தெரிந்தது. அதில் ஒருவரும் இல்லை.

படகும் பாடையும் என் தலைக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். விக்கிரவாண்டி வருவதற்குள் முதல் வரி வந்துவிட்டது. விழுப்புரத்தில் இறங்குவதற்குள் அதை அழித்துவிட்டேன்.

2

அழித்தவற்றை மறைக்க விரும்பவில்லை. இதோ:

"தாமஸ் என்ற வெள்ளைக்காரர் திண்டிவனத்தில் வந்து இறங்கியபோது வெயில்—" [வேண்டாம். வெள்ளைக்காரர் வந்தால் எல்லாரும் ஓடிவந்து அவருக்கு மோர் கொடுப்பார்கள். கதை மோரிலேயே முடிந்துவிடும்.]

"ஏரி தன் நினைவுகளை அலையலையாய்—" [ஏரிக்கு நினைவு கிடையாது. மனிதர்கள் செய்ததை ஏரியின் தலையில் கட்டுவதற்கு நான் ஒத்தாசை செய்ய மாட்டேன்.]

"அன்புச்செல்வன் அந்தப் படகைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்."

இது நின்றது. இதை வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

அன்புச்செல்வனுக்கு நாற்பத்து மூன்று வயது. வளவனூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவன். ராணுவத்தில் பொறியாளர் படையில் பதினேழு வருடம் இருந்தான். சண்டை போடுகிறவர்களுக்கு வழி செய்து கொடுப்பதுதான் அந்தப் படையின் வேலை. ஆறு குறுக்கிட்டால் பாலம் போடுவார்கள். பாலத்துக்கு நேரமில்லை என்றால் படகு. படகும் இல்லையென்றால் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி மிதவை. ஹவில்தாராக ஊர் திரும்பியவனுக்கு விழுப்புரத்தில் ஒரு நகைக்கடை வாசலில் காவல் வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட வேண்டும். இங்கேயும் வழிவிடுகிற வேலைதான் என்று மனைவி மலர்விழியிடம் சொல்லிச் சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள்.

அந்தப் படகு தேடுகிறவர்களின் குழுவை அவனும் கைப்பேசியில் கண்டுபிடித்தான். [பேருந்து நிலையத்தில் என் கைப்பேசியை அவனிடம் கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.] குழுவில் யாரோ ஒரு துருப்பிடித்த படகின் படத்தைப் போட்டு, இது எந்த வகை என்று கேட்டிருந்தார்கள். பயிற்சிக் காலத்தில் அதன் பேரப்பிள்ளை மாதிரியான படகில் துடுப்புப் போட்டவன் அன்புச்செல்வன். தெரிந்ததைச் சொன்னான். அன்றிலிருந்து அவர்கள் அவனை ஹவில்தார் அன்பு என்று கூப்பிட்டார்கள். உங்கள் பக்கம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள், ஹவில்தார் என்று கேட்டார்கள்.

வளவனூர் டீக்கடையில் இன்றைக்கும் அவன் காலனிப் பையன்தான். நாற்பத்து மூன்று வயதிலும்.

இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவன் ஒரு காரியம் செய்யப்போகிறான். அப்போது அவனை நான் எவ்வளவு திட்டினாலும் நீங்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

3

போர் முடிந்ததும் ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கிய சாமான்கள் ஏலத்துக்குப் போயின. ஜீப், கூடாரம், கம்பளி, படகு எல்லாம். எடுத்தவர்கள் தங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். இந்தப் பக்கமும் ஒன்றிரண்டு வந்திருக்கும் என்று அன்புச்செல்வன் நம்பினான். வார விடுமுறை கிடைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பழைய இரும்பு வியாபாரிகள், லாரி ஓட்டுகிறவர்கள், ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் படத்தைக் காட்டிக் கேட்பான்.

கோலியனூரில் ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பாதிப் படகு கிடைத்தது. குறுக்கே அறுத்துக் கழுநீர்த் தொட்டியாக்கியிருந்தார்கள். சதுரமாக மழுங்கிய மூக்கும் வரிசை பிசகாத தறையாணிகளும் அப்படியே இருந்தன. மறுபாதி எங்கே என்று கேட்டான். வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. இவன் இப்படி நின்றுகொண்டே இருந்தால் மாடு மிரண்டுபோய்த் தண்ணீர் குடிக்காது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. வல்லம் பக்கம் ஒரு ரைஸ் மில்லின் கூரையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஏணி வாங்கி ஏறிப் பார்த்தான். அது தண்ணீர்த் தொட்டியின் மூடி.

குளிர்நாட்டுக்காரர்கள் பாதிப் படகுக்கே மகிழ்ந்து போனார்கள். அவனுக்குப் போதவில்லை. முழுசாக ஒன்று வேண்டும். கண்டுபிடித்தவர் என்று அதன் பக்கத்தில் தன் பெயர் வர வேண்டும்.

திண்டிவனத்தில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த லாரி டிரைவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, இது எங்கள் ஏரியில் கிடக்கிற பொணப் படகு ஆச்சே என்றார்.

* படகை நான் முதலில் மரத்தால் செய்திருந்தேன். எண்பது வருடம் எந்த மரம் இந்த வெயிலையும் மழையையும் தாங்கும் என்று யோசித்து இரும்பாக்கினேன். வருடாவருடம் தார் பூசுகிற ஆட்களையும் அதற்காகத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. நீங்கள் இனிமேல் பார்க்கப்போகிற செபஸ்தியான் கதைக்குள் வந்தது அப்படித்தான். வந்தவர் என் கதையைப் பிடுங்கிக்கொண்டார்.

4

[ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். இரண்டாவது நடக்கக் கூடாது என்றுதான்.]

ஏரியின் தென்கரையில் காலனி. வடகரையில் காலனிக்காரர்களின் கல்லறைத் தோட்டம். இரண்டுக்கும் நடுவில், கிழக்குக் கரையை ஒட்டி ஊர்த்தெரு. தார் போட்டது, விளக்கு போட்டது, முனையில் கோயில் உள்ளது. அந்தத் தெரு வழியாகக் கல்லறை கூப்பிடு தூரம்தான். காலனி ஆட்கள் அதில் பள்ளிக்கூடம் போகலாம், ரேஷன் வாங்கப் போகலாம், வேலைக்குப் போகலாம். செத்த பிறகு போகக் கூடாது. எங்கும் எழுதி வைத்ததில்லை. எல்லாருக்கும் தெரியும். கோடையில் ஏரி காய்ந்தால் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கி நடப்பார்கள். தண்ணீர் நின்றால் படகு.

மதகு வேலைக்கு வந்த யாரோ ஒரு காண்ட்ராக்டர் ஏலத்தில் எடுத்து வந்து, வேலை முடிந்ததும் விட்டுவிட்டுப் போன படகு அது. ஊர் அதைச் சீண்டவில்லை. பிணம் ஏறிய பிறகு சீண்டவே இல்லை.

அன்புச்செல்வன் போனபோது அது ஒரு வேலிகாத்தான் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. தார் பூசிப் பூசி யானைத்தோல் மாதிரி ஆகியிருந்தது. விளிம்பு இடுக்குகளில் மெழுகுவர்த்தி உருகி வழிந்த மெழுகும் காய்ந்த சாமந்தி இதழ்களும் ஒட்டியிருந்தன. சாவியால் மூக்குப் பக்கம் தாரைச் சுரண்டினான். அச்சடித்த எண்கள் தட்டுப்பட்டன. முழுப் படகு. அவன் மண்ணில் உட்கார்ந்து அழுதான்.

செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிற செபஸ்தியான் அப்போதுதான் வேலை முடிந்து வந்தார். அந்தப் படகை மூங்கில் போட்டுத் தள்ளுவது அவர்தான். அவருக்கு முன்னால் அவர் அப்பா. அழுகிறவனைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"இன்னா தம்பி, உனக்கு வேண்டியவங்க யாராவது இதுல போனாங்களா?"

அவன் விஷயத்தைச் சொன்னான். செபஸ்தியான் அவனை வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் மனைவி இருதயமேரி டீ போட்டுக் கொடுத்தாள். நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்துக் காய்ந்த கைகள். சண்டைப் படகு என்றதும் அவளுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. எந்தச் சண்டை, யாரோடு என்றெல்லாம் கேட்டாள். சப்பான்காரனோடு வெள்ளைக்காரன் போட்ட சண்டை என்று அவன் சொன்னான். யார் ஜெயித்தது என்றாள். இந்தப் படகு வைத்திருந்தவர்கள்தான் என்றான்.

"ஜெயிச்ச படகா இது? அப்புறம் இன்னாத்துக்கு தெருவ சுத்திக்கினு போவுது?" என்றாள் இருதயமேரி.

மூன்று பேரும் சிரித்தார்கள். [இந்த இடத்தில் அவர்கள் சிரித்திருக்க வேண்டுமா என்று வெகுநேரம் யோசித்தேன். சிரித்தார்கள். அவள் அப்படிச் சொல்லக்கூடியவள்.]

கிளம்பும்போது செபஸ்தியான் வண்டி வரைக்கும் வந்தார். தன் அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் இதில்தான் போனார்கள் என்றும் தானும் இதில்தான் போவேன் என்றும் சொன்னார். பிறகு ஒன்று கேட்டுக்கொண்டார்.

"எழுதறதா இருந்தா, இது எதுக்கு ஓடுதுன்னும் சேத்து எழுது தம்பி. சண்டைப் படகுன்னு மட்டும் போட்டுட்டுப் போயிடாத."

எழுதுகிறேன் அண்ணா என்று அன்புச்செல்வன் சொன்னான்.

5

எழுதவில்லை.

படகின் நீளம், அகலம், எண், தகட்டின் கனம், எத்தனை சிப்பாய்கள் ஏறலாம், தார் பூசியதால் துரு ஏறாமல் தப்பியது, எல்லாவற்றையும் எழுதினான். 'உள்ளூர் மக்கள் ஏரியைக் கடக்கப் பயன்படுத்துகிறார்கள்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். குழுவில் கொண்டாட்டம். முழுப் படகு, அதுவும் இன்னும் ஓடுகிற படகு. குளிர்நாட்டுப் பெரியவர், உங்களுக்கு எங்கள் சல்யூட் ஹவில்தார் என்று எழுதினார். அதையே தமிழில் எழுதி, படங்களோடு முகநூலில் உள்ளூர்ப் பக்கங்களில் போட்டான்.

மலர்விழி படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏரியக் கடக்கன்னா, இன்னாத்துக்குக் கடக்கறாங்க? மீன் புடிக்கவா?"

அவன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அதை ஏன் எழுதாமல் விட்டான் என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு பாத்திரத்தை உண்டாக்கியவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். மூன்று காரணங்களை எழுதிப் பார்த்தேன். ஒன்று, குழுவில் அரசியல் பேசக் கூடாது என்று விதி இருந்தது. [கோழைத்தனமான காரணம். அவனுக்கல்ல, எனக்கு. விதிமேல் பழி போட்டுவிட்டு நான் தப்பித்துவிடலாம்.] இரண்டு, ஊர்க்காரர்கள் பிரச்சினை செய்வார்கள் என்று செபஸ்தியானுக்காகப் பயந்தான். [அழகாக இருக்கிறது. பொய்.] மூன்றாவதை எழுதியபோது பேனா கொஞ்சம் நின்றது. அந்தப் பெரியவர் 'ஏன் தெரு வழியாகப் போகவில்லை?' என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால், தெருவுக்குள் விடப்படாதவர்களில் தானும் ஒருவன் என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் மட்டும்தான் அவன் வெறும் ஹவில்தார் அன்பு. அதை இழக்க அவனுக்கு மனசு வரவில்லை.

மூன்றாவதைத்தான் நம்புகிறேன். நம்பிவிட்டு அவனைத் திட்டுகிறேன். திட்டிவிட்டு, அவனை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்களைத் திட்ட எனக்கு வார்த்தை போதவில்லை.

6

படகு பிரபலமாகிவிட்டது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களை ஏரிக்கரையில் வரவேற்றது ராஜ்குமார். ஊர்த்தெருவில் பெரிய வீட்டுக்காரன், டிராக்டரும் அரிசி மண்டியும் உள்ளவன், ஊரில் அவன் சொல்வதுதான் பேச்சு. எங்கள் ஊர்ப் படகு, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறோம் என்று அவன் மைக்கில் சொன்னான். படகின்மேல் கை வைத்துப் படமும் எடுத்துக்கொண்டான். எடுத்து முடித்ததும் ஏரியில் இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டதைச் செபஸ்தியான் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அதிகாரி ஒருவர் வந்தார். [எந்தத் துறை என்று கேட்காதீர்கள். ஜீப்பில் வந்தார், கோப்போடு போனார்.] இப்படிப்பட்ட பொருள் ஏரிக்கரையில் கிடந்து வீணாகக் கூடாது, விழுப்புரத்தில் ஒரு பூங்காவில் மக்கள் பார்வைக்கு வைக்கப்போகிறோம் என்றார். கிரேன் வந்த அன்று செபஸ்தியான் படகின்மேல் உட்கார்ந்துகொண்டார். காலனி ஆட்கள் சுற்றி நின்றார்கள். மழைக்காலம் வரப்போகிறது, எங்களுக்கு வழி என்ன என்று கேட்டார்கள். புதுப் படகு ஒன்று வாங்கித் தருவதாக அதிகாரி சொன்னார். செபஸ்தியான் நம்பவில்லை.

அதிகாரி அன்புச்செல்வனுக்குப் போன் போட்டார். நீங்கள்தான் கண்டுபிடித்தவர், ராணுவத்தில் இருந்தவர், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார். நகைக்கடை வாசலில் நின்றபடியே அன்புச்செல்வன் செபஸ்தியானிடம் பேசினான். கவர்மெண்டே சொல்கிறது அண்ணா, புதுசாக ஃபைபர் படகு வரும், இதைவிட லேசாக இருக்கும், உங்களுக்கும் தள்ள சுலபம் என்றான். செபஸ்தியான் கேட்டுக்கொண்டே இருந்தார். நீ சொல்றியா தம்பி என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றான். அவர் படகைவிட்டு இறங்கிவிட்டார்.

கிரேன் தூக்குவதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் படகைக் கழுவினார்கள். டேங்கர் தண்ணீர், அப்புறம் மஞ்சள் தண்ணீர். கோயிலிலிருந்து ஒருவர் வந்து மாவிலையால் தெளித்தார்.

விழாவில் அன்புச்செல்வனுக்குச் சால்வை போட்டார்கள். தாரையும் மெழுகையும் சுரண்டிவிட்டுப் பச்சை வண்ணம் அடித்து, சிமெண்டு மேடையில் படகை ஏற்றியிருந்தார்கள். பளிங்குப் பலகையில் அவன் பெயர் இருந்தது. ராஜ்குமார் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சார் என்று கூப்பிட்டான். மலர்விழி வரவில்லை. காலனியிலிருந்து யாரையும் அழைக்கவில்லை.

அன்றைக்கு அவன் சந்தோஷமாக இருந்தான். இதை நான் மறைக்க முடியாது. நாற்காலியில் முதுகு நேராக, ராணுவத்தில் படம் எடுக்க உட்காருவது போல் உட்கார்ந்திருந்தான்.

7

புதுப் படகு வரவில்லை. செபஸ்தியான் இரண்டு முறை போன் செய்தார். அன்புச்செல்வன் அதிகாரிக்குப் போன் செய்தான். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். கார்த்திகையில் புயல் மழை பிடித்து ஏரி நிரம்பிக் கோடி போயிற்று.

அந்த மழையில் இருதயமேரி செத்துப்போனாள். ஏரிக்கரை உடையாமலிருக்க மணல் மூட்டை அடுக்கப் போனவள், மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்தாள், சாய்ந்தாள். ஐம்பது வயதுதான். அந்தக் கரையை ஒட்டிக் கீழேதான் ஊர்த்தெருவின் வீடுகள் இருந்தன. கரை உடைந்திருந்தால் முதலில் போயிருப்பவை அவை.

["அவள் முகம் தூங்குவது போல—" இல்லை. அப்படி இல்லை. வாயில் மண் இருந்தது.]

கடைக்கு லீவு சொல்லிவிட்டு அன்புச்செல்வன் மழையிலேயே வண்டியில் போனான். செபஸ்தியான் வீட்டுக்குள் ஐஸ் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்புச்செல்வன் பெட்டியின்மேல் மாலையை வைத்தான். வெளியே வந்து ஏரியைப் பார்த்தான். தெரிந்த வேலை ஒன்றுதான். காலனியில் நாலைந்து தண்ணீர் டிரம், மூங்கில், கயிறு இருந்தால் போதும். சவப்பெட்டியையும் ஆறு பேரையும் தாங்குகிற மிதவை ஒன்றை மத்தியானத்துக்குள் கட்டிவிடலாம். ஆட்களைக் கூப்பிட்டான். டிரம்கள் வந்தன. மூங்கிலை அளந்து அறுக்க ஆரம்பித்தான். அளவு பிசகாமல் கை தானாக வேலை செய்தது. காலையிலிருந்து அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

செபஸ்தியான் வெளியே வந்தார். கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிரிச்சிடு தம்பி."

அவன் புரியாமல் பார்த்தான். நல்லா தாங்கும் அண்ணா, நான் எத்தனையோ கட்டியிருக்கேன் என்றான்.

"தாங்கும். நீ கட்னா தாங்கும். அதுல ஏத்திக்கினு போயிட்டா அவங்களுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. இத்தினி வருசமா நாங்கதான் அவங்களுக்கு நிம்மதி குடுத்துக்கினு இருந்தோம், அந்தப் படகத் தள்ளித் தள்ளி." தெருப் பக்கம் கையைக் காட்டினார். "எம் பொண்டாட்டி மண்ணு சொமந்தது அந்தத் தெருவுக்கு. அவ தெருவுல போவட்டும்."

8

சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலனி கிளம்பியது. ஊர்த்தெரு முனைக்கு வருவதற்குள் ராஜ்குமாரின் டிராக்டர் தெருவுக்குக் குறுக்கே நின்றது. அதை நிறுத்தியவன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டிராக்டருக்குப் பின்னால் ஆண்கள் குடை பிடித்து நின்றார்கள். போலீஸ் வந்தது. ஜீப்பில் அதே அதிகாரி வந்தார்.

பெட்டியைக் கீழே இறக்கி, மழை படாமல் மேலே தார்ப்பாயைப் பிடித்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. ராஜ்குமார் சத்தம் போடவில்லை. இத்தனை காலம் இல்லாத பழக்கத்தை எதற்குப் புதுசாக ஏற்படுத்துகிறீர்கள், கோயில் இருக்கிற தெரு, எங்களுக்கும் மனசு கஷ்டமாக இருக்காதா என்று கேட்டான். செபஸ்தியான் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். 

அதிகாரி தனியே போய் யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. ஏற்பாடு செய்துவிட்டேன் என்றார்.

என்ன ஏற்பாடு என்பது பொழுது சாய்வதற்குள் தெரிந்தது. ஏரிக்கரையில் ஒரு லாரி வந்து நின்றது. அதன்மேல் பச்சை வண்ணத்தில், சிமெண்டு ஒட்டிய அடியோடு, பளபளவென்று அந்தப் படகு. பூங்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். கிரேன், ஆட்கள், கயிறு, மூங்கில், ஒன்றும் குறையில்லை. புதுப் படகுக்கு நகராத கோப்பு இதற்கு நகர்ந்துவிட்டது. தெருவைத் திறந்துவிடுவதைக் காட்டிலும் ஒரு போர்ப் படகை விழுப்புரத்திலிருந்து கொண்டுவருவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

[இதை நான் கற்பனைதான் செய்தேன். நண்பர் ஒருவர் படித்துவிட்டு, மிகைப்படுத்தியிருக்கிறாய், அவ்வளவு வேகமாகச் செய்ய மாட்டார்கள் என்றார். படகைக் கொண்டுவருவார்களா என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வேகத்தில்தான் சந்தேகம்.]

அதிகாரி அன்புச்செல்வனைத் தனியே அழைத்தார். உங்கள் பேச்சைக் கேட்பார், போன தடவையும் நீங்கள்தான் சுமுகமாக முடித்துக் கொடுத்தீர்கள், இந்த ஒருமுறை மட்டும் படகில் போகட்டும், வெயில் வந்ததும் பாதைக்கு நான் பொறுப்பு என்றார். தோளில் கையும் போட்டார்.

அன்புச்செல்வன் லாரியைப் பார்த்தான். டிராக்டரைப் பார்த்தான். பிறகு பெட்டி இருந்த பக்கம் நடந்தான். அதிகாரியும் ராஜ்குமாரும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் செபஸ்தியானிடம் எதுவும் பேசவில்லை. குனிந்து பெட்டியின் பின்மூலையைப் பிடித்தான். அவன் பிடித்ததும் மற்ற ஐந்து பேரும் பிடித்தார்கள். பெட்டி தோளுக்கு ஏறியது.

இதனால் அவனை மன்னித்துவிட்டதாக நினைக்காதீர்கள். நான் மன்னிக்கவில்லை. செபஸ்தியான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. தூக்கிக்கொண்டு வந்தவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கிச் சுளுக்கிக்கொண்டது, அந்த மூலைக்கு ஆள் வேண்டியிருந்தது. விட்டார்கள். அவ்வளவுதான்.

9

இனி முடிவு.

ஒரு முடிவில் செபஸ்தியான் கடைசி நிமிடத்தில் தளர்ந்துபோய்ப் படகுக்குச் சம்மதிக்கிறார். மூங்கிலை அவர் கையிலேயே கொடுக்கிறார்கள். எல்லாரும் அமைதியாகக் கலைகிறார்கள். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் சுமுகத் தீர்வு என்று வருகிறது. இதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று என்னிடம் சொன்னவர்கள் நல்லவர்கள்.

இன்னொன்றில் அன்புச்செல்வன் லாரியில் ஏறிக் கடப்பாரையால் படகின் அடித்தகட்டை— [எழுதினேன். பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதும்போது எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தைப் பார்த்ததும் பயந்து கிழித்துவிட்டேன். படகுமேல் என்ன கோபம்? அது சொன்ன இடத்துக்குப் போன இரும்பு.]

தடியடி, வழக்கு, காலனி இளைஞர்கள் சிறைக்குப் போவது, இது மூன்றாவது. இதை எழுத நான் தேவையில்லை.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். பெட்டி ஆறு தோள்களில் இருக்கிறது. டிராக்டர் குறுக்கே நிற்கிறது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நுழையலாம், பெட்டி நுழையாது. இந்த டிராக்டரைச் செபஸ்தியானால் நகர்த்த முடியாது, அன்புச்செல்வனால் முடியாது. எழுதி நகர்த்த என்னாலும் முடியாது. அப்படி நகர்த்தினால் அது வெறும் தாளில் நகரும், படித்துவிட்டு நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள்.

தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள் இருக்கின்றன. எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. ஜன்னல்களில் பெண்கள் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் கிழவர்கள், ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. அந்த வீடுகளில் ஒன்றில், கதவுக்குப் பின்னால், ஆணியில் டிராக்டர் சாவி தொங்குகிறது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்கு யாருக்கும் வீரம் தேவையில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தால் போதும்.

மழை வலுக்கிறது. நீங்கள் இதை எந்த வீட்டில் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் பாருங்கள்.